சிவப்பு டீசலை நிலத்துக்கே கொண்டுவந்து ஊற்றும் சேவை: இரண்டு ஆண்டு பயன்படுத்திய பிறகு

டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகருக்கு வடகிழக்கே உள்ள ஃபேனின் கவுண்டியில், எனக்குப் பன்னிரண்டு ஏக்கர் புல் நிலம் இருக்கிறது. வார நாட்களில் கணினி வேலை, சனி ஞாயிறுகளில் டிராக்டர் என்று வாழும் நம்மவர்கள் இந்தப் பக்கத்தில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலோரைப் போல நானும், சொத்து வரியைக் குறைவான வேளாண் மதிப்பீட்டில் கட்டலாம் என்ற கணக்கில்தான் நிலத்தை வாங்கினேன். அந்த மதிப்பீடு நிலைக்க வேண்டுமானால் நிலம் சும்மா கிடக்கக் கூடாது என்பதால் பெர்முடா புல் வளர்க்கிறேன். அறுப்பதும் புரட்டிக் காயவைப்பதும் என் வேலை. உருளைகளாகக் கட்டுவதைப் பக்கத்து நிலத்துக்காரர் பங்குக்குச் செய்து தருகிறார். இதற்கெல்லாம் நாற்பத்தைந்து குதிரைத் திறன் கொண்ட ஒரு குபோட்டா டிராக்டரும், நிலத்துக்கும் வீட்டுக்கும் ஓடுவதற்கு டீசலில் ஓடும் ஒரு பிக்கப் வண்டியும் வைத்திருக்கிறேன்.

இந்த மதிப்புரை, எங்கள் பகுதியில் உள்ள சிறிய எரிபொருள் விநியோக நிறுவனம் ஒன்று நிலத்துக்கே லாரியில் கொண்டுவந்து ஊற்றிக் கொடுக்கும் சாயமிட்ட டீசலைப் பற்றியது. சாலையில் ஓடாத இயந்திரங்களுக்கு எரிபொருள் வரி இல்லாமல் விற்பதற்காக, அடையாளத்துக்குச் சிவப்புச் சாயம் கலந்த டீசல் அது. இங்கே அதை 'ஆஃப்-ரோடு டீசல்' என்றோ வெறுமனே 'ரெட் டீசல்' என்றோ சொல்கிறார்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்களிடம் எனக்குள்ள குறைகள் சிறியவை, இந்த வட்டாரத்தில் இதே முறையில் விற்கும் மற்றவர்களுக்கும் அவை பொருந்தும். நான் எழுத வந்தது முக்கியமாக அந்த எண்ணெயைப் பற்றியும், என்னைப் போன்ற சிறு நிலக்காரர் அதை வாங்குவதில் பொருள் இருக்கிறதா என்பதைப் பற்றியும்தான்.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை லாரி வந்தபோது, குழாயில் வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு கண்ணாடிச் சீசாவை நீட்டினேன். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே அரைச் சீசா பிடித்துக் கொடுத்தார். வெயிலில் தூக்கிப் பார்த்தால், ரோஜா சர்பத்தில் தண்ணீர் சற்றே அதிகமாகிவிட்டது போன்ற தெளிவான சிவப்பு. மோந்து பார்த்தால் அதே டீசல் நாற்றம். விரலில் தேய்த்தால் அதே வழவழப்பு. சாயத்தைத் தவிர, சாலையோரப் பெட்ரோல் பங்கில் விற்கும் டீசலுக்கும் இதற்கும் இன்று வேறுபாடு எதுவும் இல்லை என்பதை வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் வேறுபாடு இருந்தது. சாலை வாகனங்களுக்கான டீசலில் 2006 முதல் கந்தகம் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆனபோது, வயலிலும் கட்டுமானத்திலும் ஓடும் இயந்திரங்களுக்கான டீசலுக்கு வரம்பு மிகத் தளர்வாக இருந்தது. அது 2007இல் 500 ஆகவும், 2010இல் அதே 15 ஆகவும் இறக்கப்பட்டது. ஆகவே 'சிவப்பு டீசல் மட்டமானது, புதிய எஞ்சினின் புகை வடிகட்டியைக் கெடுத்துவிடும்' என்று பழைய ஆட்கள் சொல்வது அந்தக் காலத்து உண்மை. என் டிராக்டர் இரண்டு ஆண்டுகளாக இதில்தான் ஓடியது. திறனிலோ புகையிலோ சத்தத்திலோ எந்த மாற்றத்தையும் நான் காணவில்லை.

அந்தச் சாயத்துக்கு 'சால்வென்ட் ரெட் 164' என்று பெயர். 1,000 பீப்பாய்க்கு, அதாவது சுமார் 1,59,000 லிட்டருக்கு, அளவுகோலாக வைத்திருக்கும் திடச் சாயத்தின் கணக்கில் 3.9 பவுண்டுக்குக் குறையாமல் சேர்க்க வேண்டும் என்பது கூட்டாட்சி வரித் துறையின் விதி. ஒன்றே முக்கால் கிலோ சாயம் இத்தனை எண்ணெயையும் சிவக்க வைக்கிறது என்றால் அதன் வீரியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு 1994 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில், நியூயார்க் வட்டாரத்தில் போலி நிறுவனங்களைச் சங்கிலியாகக் கோத்து, கை மாறிக் கை மாறி விற்றதாகக் காகிதத்தில் காட்டி, வரி கட்ட வேண்டிய நிறுவனத்தை மட்டும் மாயமாக்கிவிடும் பெரும் மோசடிகள் நடந்தன. வீடுகளைச் சூடாக்க விற்ற வரியில்லா எண்ணெய் லாரிகளின் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கதையின் ஒரு பகுதி. எனவே எண்ணெய் கிடங்கின் வாசலைத் தாண்டும் இடத்திலேயே வரியை வாங்கிவிடுவது, வரி வாங்காமல் வெளியே விடுவதற்கு அங்கேயே சாயத்தைக் கலந்துவிடுவது என்று 1993ஆம் ஆண்டுச் சட்டம் முடிவு செய்தது. ரசீதைப் பொய்யாக எழுதலாம், நிறத்தை அவ்வளவு எளிதாக மறைக்க முடியாது.

வரித் துறையின் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1993 அக்டோபரில், அதிகக் கந்தகம் உள்ள டீசலை அடையாளம் காட்டச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நீலச் சாயத்தைத்தான் கேட்டது. சிறிய விமானங்களுக்கு ஊற்றும் பெட்ரோலும் நீலம் என்பதால் குழப்பம் வரும் என்று விமானத் துறையினர் எதிர்க்க, பிறகு எல்லாமே சிவப்பாயிற்று. நீலம் என்றதும் நம் ஊர் ரேஷன் கடை மண்ணெண்ணெய் நினைவுக்கு வராத தமிழர் இருக்க மாட்டார். அங்கேயும் இதே உத்திதான்: மானிய விலைச் சரக்குக்கு நீல நிறம். அது லாரி டீசலில் கலக்கப்பட்டதும் ஊரறிந்த செய்தி. ஆனால் விசைப்படகுகளுக்கு விற்பனை வரி விலக்கோடு கொடுக்கும் டீசலைத் தமிழ்நாட்டில் படகுக்கு ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்று அளவு கட்டித்தான் வழங்குகிறார்கள். அமெரிக்க முறையில் அளவைவிட நிறம்தான் முதல் காவல்.

இனி சேவை. பதிவு செய்வதற்கு நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் காகித வேலை இருந்தது. டெக்சஸில் சாயமிட்ட டீசலை வரியில்லாமல் மொத்தமாக வாங்குவதற்கு மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் பதிந்து, இதைச் சாலை வாகனத்தில் பயன்படுத்த மாட்டேன் என்று கையெழுத்திட்ட உறுதிமொழியை விற்பவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்த அம்மையார் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பொறுமையாகச் சொன்னார். இரண்டாவது முறை ஆர்டர் செய்தபோது தொலைபேசியில் என் குரலை வைத்தே நிலத்தின் முகவரியைச் சொல்லிவிட்டார். சிறிய ஊரில் வாங்குவதில் உள்ள சுகம் இது.

தொட்டி என் பொறுப்பு. நான்கு கால்களின் மேல் உயரத்தில் நிற்கும் 300 கேலன் இரும்புத் தொட்டி ஒன்றைப் பழைய பண்ணைச் சாமான்கள் ஏலத்தில் எடுத்தேன். மோட்டார் தேவையில்லை, குழாயைத் திறந்தால் உயரத்தின் விசையிலேயே எண்ணெய் இறங்கும். லாரி வரும் நாளில் ஓட்டுநர் முதலில் தொட்டியின் காற்றுப்போக்கியைத் தட்டிப் பார்த்தார். பிறகு அளவுக்கோலை உள்ளே விட்டு, பழையது எவ்வளவு இருக்கிறது என்று எனக்கும் காட்டினார். ஊற்றி முடித்த பின் முனையைத் துணியால் துடைத்து, சொட்டுக்கூடக் கீழே விழாமல் சுருட்டினார். லாரியின் மீட்டர் அச்சடித்துக் கொடுத்த சீட்டில் கேலன் கணக்குக்குக் கீழே, இது சாயமிட்ட டீசல், வரிக்கு உட்படாத பயன்பாட்டுக்கு மட்டும், வரிக்குரிய பயன்பாட்டுக்கு அபராதம் உண்டு என்ற பொருளில் எச்சரிக்கை இருந்தது. சட்டப்படி அது சீட்டிலும் இருக்க வேண்டும், சில்லறையாக விற்கும் பம்பின் முகப்பிலும் இருக்க வேண்டும். சொன்ன நாளில் வருவது, அளவில் நாணயம், சுத்தம் என்ற மூன்றிலும் அவர்கள் மீது குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

குறைகள் இரண்டு. ஒரு முறைக்கு 200 கேலனுக்குக் குறைவாகக் கொண்டுவர மாட்டார்கள் என்பது முதலாவது. குளிர்காலத்துக்கான மருந்து கலந்து தருவதைக் கேட்டால்தான் செய்கிறார்கள், தாங்களாகச் சொல்வதில்லை என்பது இரண்டாவது. டெக்சஸ்தானே, குளிரென்ன பெரிய குளிர் என்று நினைப்பவர்களுக்கு 2021 பிப்ரவரி நினைவிருக்கும். டல்லாஸ் விமான நிலையத்தில் வெப்பநிலை பாரன்ஹீட்டில் மைனஸ் 2க்குப் போனது. அந்த அளவு குளிரில் மருந்து சேர்க்காத சாதாரண டீசலின் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். நெடுஞ்சாலை பங்கில் சரக்கு நாள்தோறும் புரள்வதால் பருவத்துக்கேற்ற கலவை தானாக வந்துவிடுகிறது. என் தொட்டியில் கிடப்பதோ ஆகஸ்டில் ஊற்றிய எண்ணெய்.

இந்த 200 கேலன் விவகாரம்தான் முழு ஏற்பாட்டின் ஆணிவேரையே அசைக்கிறது என்பது எனக்கு இரண்டாம் ஆண்டில்தான் புரிந்தது. என் டிராக்டர் ஆண்டுக்கு எழுபத்தைந்து மணி நேரம் ஓடுகிறது. மணிக்கு இரண்டு கேலன் என்று வைத்தால் ஆண்டுக்கு 150 கேலன். ஆக, ஒரு முறை வாங்கிய எண்ணெய் தீர்வதற்குப் பதினாறு மாதங்கள் ஆகின்றன. டீசலை ஆறு மாதம், மிஞ்சினால் ஓர் ஆண்டு வைத்திருக்கலாம். அதற்கு மேல் கவனித்துப் பார்க்க வேண்டும். பாதி காலியான இரும்புத் தொட்டி பகல் வெயிலில் காய்ந்து இரவில் குளிரும்போது உள்சுவரில் வியர்த்து, அந்த நீர் அடியில் தேங்குகிறது. நீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் குடியேறிக் கரும்பாசி போன்ற கசடை உண்டாக்குகின்றன. இரண்டாவது வசந்தத்தில் டிராக்டர் மேட்டில் ஏறும்போது மூச்சுத் திணறியது. வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றினால், அடியில் ஒரு விரற்கடை தண்ணீர், அதன் மேல் காப்பி டிகாக்‌ஷனின் வண்டல் போல ஒன்று. தொட்டியின் குழாயில் தண்ணீரைத் தடுக்கும் வடிகட்டியை நான் முதல் நாளே பொருத்தியிருக்க வேண்டும். தவறு விற்பவருடையது அல்ல. எண்ணெய் நன்றாகத்தான் வந்தது, அதை முதுமையடைய விட்டது நான்தான்.

சரி, இத்தனைக்கும் மிச்சம் எவ்வளவு? கூட்டாட்சி அரசின் டீசல் வரி கேலனுக்கு 24.4 சென்ட். 1993இலிருந்து அது ஏறவே இல்லை. டெக்சஸின் வரி 20 சென்ட். அது 1991இலிருந்து ஏறவில்லை. இரண்டும் சேர்ந்து 44.4 சென்ட். என் 150 கேலனுக்கு ஆண்டுக்கு 66 டாலர் 60 சென்ட். முழு வரியும் விலையில் குறைகிறதா என்றால் அதுவும் இல்லை. ஊர் பங்கின் விலைப் பலகையையும் நிறுவனத்தின் விலையையும் நான் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். வேறுபாடு பெரும்பாலும் முப்பத்தெட்டு, நாற்பது சென்ட்டில்தான் நின்றது. நிலத்துக்கு ஓட்டி வரும் செலவை அவர்கள் எங்காவது எடுக்கத்தானே வேண்டும்? ஏலத்தில் எடுத்த தொட்டிக்கும், குழாய்க்கும், பிறகு மாற்றிய இரண்டு வடிகட்டிகளுக்கும் நான் கொடுத்ததை எடுக்கவே இந்தக் கணக்கில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். டெக்சஸைவிட வரி மிக அதிகமாக உள்ள மாநிலங்களில் கணக்கு மாறும் என்பது உண்மை; ஆனால் சில மாநிலங்களில் சாயமிட்ட டீசலுக்கு எரிபொருள் வரி இல்லாவிட்டாலும் விற்பனை வரி விழும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பலரும் என்னிடம் தனியாகக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். டல்லாஸ் அருகே ஃபிரிஸ்கோவில் இருக்கும் நண்பர் ஒருவர் நிலத்துக்கு வந்தபோது தொட்டியை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, இதையே பிக்கப்புக்கும் போட்டா என்ன? யாரு வந்து பாக்கப்போறா?" கேள்வியில் கள்ளம் இல்லை, சிக்கனம்தான் இருந்தது. பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கும் பங்குக்கு ஓடுவதற்குப் பதிலாகக் கையெட்டும் தூரத்தில் 300 கேலன் நிற்கும்போது அந்த எண்ணம் எனக்கும் ஒரு மாலையில் வந்ததுண்டு.

சட்டம் தெளிவாக இருக்கிறது. சாலையில் ஓடும் பதிவு பெற்ற வாகனத்தின் தொட்டியில் சாயமிட்ட டீசல் இருந்தால், ஒரு கேலனுக்கு 10 டாலர் அல்லது 1,000 டாலர், இவற்றில் எது அதிகமோ அதுதான் கூட்டாட்சி அபராதம். பிக்கப் தொட்டியின் கொள்ளளவு முப்பது கேலன் என்றாலும் பத்துப் பத்தாகக் கூட்டினால் 300தான் வருகிறது. ஆகவே நம்மைப் போன்றவருக்கு அது எப்போதும் 1,000 டாலர்தான். இரண்டாம் முறை பிடிபட்டால் அந்த ஆயிரம் இரண்டாயிரம் ஆகிறது, மூன்றாம் முறை மூவாயிரம். தொட்டியைச் சோதிக்க விடமாட்டேன் என்று மறுத்தால் அதற்குத் தனியாக 1,000 டாலர். சாயத்தை எடுக்கவோ மங்கவைக்கவோ முயன்றாலும் அதே பிரிவின் கீழ்தான் அபராதம். லாரி வைத்துத் தொழில் செய்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: தெரிந்தே இதில் பங்கெடுத்த நிறுவன அதிகாரியும் ஊழியரும் அபராதத்துக்குத் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பாகிறார்கள். இவை கூட்டாட்சி அபராதங்கள். மாநிலம் தன் பங்குக்கு விதிப்பது வேறு.

அறத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் கணக்காகவே பார்த்தாலும் நண்பரின் யோசனை தேறாது. கேலனுக்கு 44.4 சென்ட் மிச்சம் பிடித்து ஒரே ஓர் அபராதத்தை ஈடுகட்ட 2,250 கேலனுக்கு மேல் ஊற்ற வேண்டும். என் பிக்கப் கேலனுக்குப் பதினெட்டு மைல் கொடுக்கிறது. ஆகவே நாற்பதாயிரம் மைலுக்கு மேல் ஒரு முறையும் மாட்டாமல் ஓட்டினால்தான் முதல் அபராதத்துக்கான பணம் சேரும். நண்பருக்கு இந்தக் கணக்கைத் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினேன். அவர் கணக்காளர், உடனே ஒத்துக்கொண்டார்.

'யார் வந்து பார்க்கப்போகிறார்கள்' என்ற கேள்விக்கும் பதில் உண்டு. எடை நிலையங்களிலும் சாலையோரச் சோதனைகளிலும் வரித் துறை ஆய்வாளர் மெல்லிய குழாயைத் தொட்டிக்குள் விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடிக் குப்பியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சாயம் நீர்த்து நிறமே தெரியாத நிலையிலும் அங்கே தெரிந்துவிடும். ஆகவே 'கால் பங்கு சிவப்பு, முக்கால் பங்கு நல்ல டீசல்' என்று கலந்து ஊற்றுபவர்களின் சாமர்த்தியம் வெறும் கண்ணைத்தான் ஏமாற்றும். டிராக்டர் விஷயம் வேறு. ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு எங்கள் எஃப்.எம். சாலையில் ('ஃபார்ம் டு மார்க்கெட்', அதாவது பண்ணைகளைச் சந்தையோடு இணைக்கும் மாநிலச் சாலை) அரை மைல் ஓட்டிப்போகும் பண்ணை டிராக்டர், நெடுஞ்சாலை வாகனம் என்ற வரையறைக்குள் வராது. அதில் சிவப்பு டீசல் இருக்கலாம். கூட்டாட்சி சட்டத்தில் பொதுப் பள்ளிப் பேருந்துகளுக்கும் உள்ளாட்சி வாகனங்களுக்கும் விலக்கு உண்டு என்பதும், 2005இல் கத்ரினா, 2012இல் சாண்டி, 2017இல் இர்மா போன்ற பெரும் புயல்களின்போது பங்குகளில் டீசல் கிடைக்காத இடங்களில் இந்த அபராதத்தைச் சில வாரங்களுக்கு நிறுத்திவைத்தார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. அப்போதும் வரி கட்ட வேண்டும். அபராதம் மட்டும்தான் இல்லை.

சட்டம் தெரிந்த எனக்கும் ஒரு முறை இந்தச் சிவப்பு வினையாகிவிட்டது. கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிகுந்த பெருமையோடு வந்து நின்றான்.

"மாமா, பிக்கப்ல எண்ணெய் கம்மியா இருந்துச்சு. அஞ்சு கேலன் போட்டுட்டேன்."

"எதுலேர்ந்துடா போட்ட?"

"அந்த ஒசரத்துல இருக்கிற டேங்க்லேர்ந்துதான். அதுவும் டீசல்தானே மாமா?"

அவனைக் கடிந்துகொள்ள நியாயமில்லை. தொட்டியில் 'டீசல்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேனே தவிர, சாலை வாகனத்துக்கு ஆகாது என்று எழுதவில்லை. எஞ்சினுக்கு எந்தக் கெடுதலும் இல்லை, ஆனால் வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனால் அந்தப் பயணமே குற்றம். ஆகவே ஊரிலிருந்து மெக்கானிக்கை நிலத்துக்கு வரவழைத்தேன். தொட்டியில் இருந்த அத்தனையையும் இறக்கி, வடிகட்டியை மாற்றி, சாதாரண டீசலை இரண்டு முறை ஊற்றி அலசி எடுத்தோம். இறக்கிய எண்ணெய் டிராக்டருக்கு ஆனதால் வீணாகவில்லை. மெக்கானிக்குக் கொடுத்த 290 டாலர்தான் வீண். நான்கு ஆண்டுக்கான வரி மிச்சம் ஒரே மத்தியானத்தில் போயிற்று. அன்று மாலையே தொட்டியின் இரண்டு பக்கமும் சிவப்பு வண்ணத்தில் 'டிராக்டருக்கு மட்டும்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன்.

அபராதத்துக்கு அஞ்சி மட்டும் நான் இதில் கண்டிப்பாக இருக்கவில்லை. டெக்சஸ் எரிபொருள் வரியில் கால் பங்கு பள்ளிகளுக்குப் போக வேண்டும் என்பது இந்த மாநில அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி சாலைக்குப் போகிறது. என் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். நானும் வாரத்துக்கு இருமுறை அந்தச் சாலையில்தான் நூறு மைல் ஓடுகிறேன். கூட்டாட்சி நெடுஞ்சாலை நிதி 1993ஆம் ஆண்டு விகிதத்திலேயே நிற்பதால் 2008இலிருந்து பொதுக் கருவூலத்தின் பணத்தை வாங்கித்தான் காலம் தள்ளுகிறது. டிராக்டர் சாலையைத் தேய்ப்பதில்லை, அதனால் அதன் எண்ணெய்க்கு வரியில்லை என்ற நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதே நியாயத்தில் பிக்கப் கட்டத்தான் வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, சிறு நிலக்காரருக்கு என் யோசனை என்ன? பங்கில் கிடைக்கும் நிறமற்ற டீசலையே வாங்குங்கள். ஐந்து கேலன் மஞ்சள் கேன்கள் நான்கோ ஐந்தோ போதும். இங்கே பெட்ரோலுக்குச் சிவப்புக் கேன், மண்ணெண்ணெய்க்கு நீலம், டீசலுக்கு மஞ்சள் என்ற வழக்கத்தை மாற்றாதீர்கள். விவசாயத்தை வருமானத் தொழிலாகக் காட்டுபவராக இருந்தால், வயலில் எரித்த டீசலுக்குக் கட்டிய கூட்டாட்சி வரியில் கேலனுக்கு 24.3 சென்ட்டை ஆண்டு வருமான வரிக் கணக்கோடு 4136ஆம் எண் படிவத்தில் கழித்துக்கொள்ளலாம். ரசீதுகளையும் டிராக்டரின் மணிக்கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். எனக்கு அது ஆண்டுக்கு 36 டாலர் 45 சென்ட். வரியை மட்டும் வைத்துச் சிவப்பு டீசலோடு ஒப்பிட்டால் முப்பது டாலர் நட்டம்தான். ஆனால் எண்ணெய் எப்போதும் புதிது, குளிர்காலக் கலவை தானாக வருகிறது, யார் எந்த வண்டியில் ஊற்றினாலும் தவறில்லை. அந்த முப்பது டாலரை நான் மனநிம்மதிக்கான வாடகை என்று எழுதிக்கொண்டேன்.

ஐம்பது ஏக்கருக்கு மேல் உழுபவர்கள், புல்லை உருளைகளாகக் கட்டும் பெரிய பேலர் இயந்திரம் ஓட்டுபவர்கள், மண் தோண்டும் இயந்திரங்களை வைத்துத் தொழில் செய்பவர்கள், இரவு பகலாக ஜெனரேட்டர் ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மாதத்துக்கு 200 கேலன் எரிப்பவருக்கு எண்ணெய் பழையதாக நேரமே இல்லை; மிச்சமும் ஆண்டுக்கு ஆயிரம் டாலரை நெருங்கும். ஆர்டர் கொடுக்கும்போது மறக்காமல் இரண்டைக் கேளுங்கள்: அக்டோபருக்குப் பிறகு வரும் லோடில் குளிர் மருந்து, தொட்டிக் குழாய்க்குத் தண்ணீர் தடுக்கும் வடிகட்டி. இரண்டும் அவர்களிடமே இருக்கின்றன, கேட்டால் தருவார்கள்.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால், எண்ணெய்க்கு ஐந்துக்கு ஐந்து. நிறுவனத்துக்கு நான்கு, குறைத்த ஒன்று குளிர் மருந்துக்காக. பன்னிரண்டு ஏக்கர்க்காரன் அதை வாங்கியதற்கு இரண்டு. தொட்டியைப் போன மாதம் பேலர் ஓட்டும் பக்கத்து நிலத்துக்காரருக்கே, நான் எடுத்த விலையில் பாதிக்குக் கொடுத்துவிட்டேன். மேலே தமிழில் எழுதியிருப்பதை அழித்துத் தரட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், அழகாக இருக்கிறது என்றார்.